ஒரு மாத்திரை

மருந்துக்கடை மாத்திரை இல்லை.
கண் இமைக்கும் நேரம் என்று
பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டோமே, அது.
ம, குறில்.
மா, நெடில்.
தாரி மொழி பேசும் ஷகூஃபாவின் வாயில்
மா என்றால் நாங்கள்,
ம என்றால் நான்.
இடையில் ஓர் இமைப்பு.
அதற்குள்தான் விழுந்தாள்.

ஜெர்மனியில், சாக்ஸனிப் பக்கம் ஒரு சிற்றூர்.
பிப்ரவரி. அலுவலக ஹீட்டர்
கரகரத்துக்கொண்டே இருந்தது.
மேசைமேல் சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவி,
பச்சை விளக்கு.
"உங்கள் மொழியிலேயே சொல்லலாம்" என்றது
அவள் மொழியிலேயே,
செய்தி வாசிப்பவளின் குரலில்.

சொன்னாள்.
நான் ஆற்றைக் கடந்தேன். எவ்ரோஸ். இரவு.
இடுப்பளவு என்றார்கள், கழுத்துவரை வந்தது.
ஹீட்டர் கரகரத்தது.
திரையில் ஏறியது:
நாங்கள் ஆற்றைக் கடந்தோம்.

முன்பெல்லாம் அந்த மூலை நாற்காலியில்
குலாலை என்றொரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார்.
இருமல் மிட்டாய் மெல்லுவார்.
தாமதமாக வந்து பேருந்தைத் திட்டுவார்.
சந்தேகம் வந்தால் கையைத் தூக்கி
அதிகாரியை நிறுத்திவிட்டு
"நீ ஒருத்தியா, கூட யாராவது உண்டா?"
என்று கேட்டபிறகுதான் அடுத்த வரி.
அந்தக் கேள்விக்கு மணிக்கணக்கில் கூலி.
இப்போது ஒரு நேர்காணலுக்கு
நாற்பது நிமிடம் மிச்சம்.

கருவி கையைத் தூக்காது.
எழுபத்தொரு சதவீதம் என்று
உள்ளே எங்கோ குறித்துக்கொண்டு
நூறு போலப் பேசும்.

ஏழு மாதம் கழித்து இரண்டாம் விசாரணை.
தனியாக வந்தேன் என்றாள்.
அதிகாரி ஊட்டா கெஸ்ட்னர்
கெட்டவர் இல்லை. தண்ணீர் ஊற்றித் தந்தார்.
தாளைப் புரட்டி, மென்மையாகவே கேட்டார்:
"அன்றைக்கு நாங்கள் என்றீர்களே,
பதினான்கு இடத்தில்.
கூட வந்தது யார்?"

யாரும் இல்லை.
"பெயர் மட்டும் போதும்."
யாரும் இல்லை.
"யாரைக் காப்பாற்றுகிறீர்கள்?"

இங்கே நான் குறுக்கிட வேண்டும்.
என் மொழியில் நாங்கள் உண்டு, நாம் உண்டு.
நாங்கள் என்றால் கேட்பவர் கரையில் நிற்கிறார்.
நாம் என்றால் அவரும் நனைந்திருக்கிறார்.
ஜெர்மனுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்.
ஊட்டா கெஸ்ட்னரின் காலணி
உலர்ந்தே இருந்தது.

வழக்கறிஞர் ஃப்ரீடர் லோமன் ஒலிப்பதிவைக் கேட்டார்.
தொண்ணூறு நாளில் அழித்துவிடுவார்களாம்,
அவளுடைய தனியுரிமைக்காக.
எழுத்து மட்டும் இருக்கும்,
எத்தனை வருடமானாலும்.

நிராகரிப்புக் கடிதம் எட்டுப் பக்கம்.
முரண்பாடு என்ற சொல் ஆறு முறை.
அதையும் கருவிதான் தாரியில் வாசித்தது,
அதே குரலில்,
ஒரு பிழைகூட இல்லாமல்.

அன்றிரவு தூக்கம் வராமல்
கூட வந்தவளைப் பற்றி யோசித்தாள்.
உயரமா, குட்டையா.
நீந்தத் தெரிந்தவளா.
பதினான்கு இடத்தில் இருந்தவள்
ஓர் இடத்திலாவது கையைப் பிடித்திருக்கலாம்,
தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது.

மேல்முறையீடு ஜூனில்.
அதே கருவி, புதிய பதிப்பு என்றார் லோமன்.
தெளிவாகப் பேசுங்கள்.
முடிந்தவரை சுருக்கமாக.

முகாமின் பொதுச் சமையலறையில்
வெங்காயம் வதக்கியபடி பழகுகிறாள்.
ம.
வாயை அதிகம் திறக்காமல், ம.
சாரிகாரில் பிறந்த யாரும்
இதுவரை சொல்லாத அளவு குட்டையாக, ம.
நான் என்பதை வெட்டி,
இமைப்பிலும் பாதியாக்கி,
ம்.

பக்கத்து அடுப்பில் எரித்ரியாக்காரி லெத்தெப்ரஹான்
உப்பு சரி என்கிறாள் போல என்று நினைத்து
தன் குழம்பிலும் ஒரு கரண்டி
நீட்டுகிறாள்.